இரவல் முள்வாங்கி

1

நேற்றுச் சாயங்காலம் பக்கத்து வீட்டுச் சீனத் தச்சர் ஆ ஹெங் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். பெருவிரலில் மரச் சிராய் ஏறியிருந்தது. என் முள்வாங்கியைக் கேட்டார், கொடுத்தேன். கால்மணி நேரத்தில் திரும்பி வந்து, அதைத் துடைத்து என் கையில் வைத்து, கூடவே ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்து, "தெரிமா காசி" என்று மலாயில் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். "அதுக்குள்ள என்ன அவசரம்? ரெண்டு நாள் வச்சிருந்தா தேஞ்சா போயிடும்?" என்று வாழைப்பழத்தைப் பார்த்துக் கத்தினேன்.

என் மனைவி ராசம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வாங்கிட்டுப் போன சாமானைத் திருப்பித் தரலைன்னு சண்டை போடுறவங்களைப் பார்த்திருக்கேன். தந்துட்டாங்கன்னு சண்டை போடுற ஆளு நீங்க ஒருத்தர்தாங்க."

அவளுக்கு விஷயம் தெரியும். தெரிந்தும் சீண்டுகிறாள். இந்த முள்வாங்கி என் கைக்கு வந்து பதினாலு வருஷம் ஆகிறது. அதில் பதின்மூன்று வருஷம் அது என்னுடையதே இல்லை. என்னுடையதாகி ஒரு வருஷம்தான் ஆகிறது, அந்த ஒரு வருஷமாகத்தான் எனக்கு மனது சரியில்லை.

"மலாயாவில் இருந்துகொண்டு எழுத உனக்கு வேறு விஷயமே கிடைக்கவில்லையா? ரப்பர் விலையைப் பற்றி எழுதக்கூடாதா?" என்று ஊரில் இதைப் படிக்கிறவர்கள் கேட்கலாம். ரப்பர் விலையைப் பத்திரிகைக்காரர்கள் தினமும் போடுகிறார்கள். இதை நான்தான் எழுதவேண்டும்.

2

எங்கள் பக்கம் அப்பாவைப் பெற்றவரை ஐயா என்போம். என் அப்பாவும் ஆத்தாவும் நான் நடக்கப் பழகுமுன்பே ஒரே வாரத்தில் காலராவில் போய்விட்டார்கள். சித்தப்பா வீட்டில் இருந்தாலும் என்னை வளர்த்தது ஐயாதான். திருவரங்குளத்துக்கும் ஆலங்குடிக்கும் நடுவில், பஸ் போகிற ரோட்டிலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளி எங்கள் ஊர். கடலையும் வரகும் விளையும். முள் அதைவிட நன்றாக விளையும். கருவேலமுள், உடைமுள், இலந்தை முள், நெருஞ்சி என்று நாலு ரகம். செருப்புப் போட்டவர் ஊரில் ஒருவரும் இல்லை.

ஐயாவின் அரைஞாண் கயிற்றில் ஒரு இரும்பு வளையம் தொங்கும். வளையத்தில் மூன்று சாமான். தோண்டுவதற்கு ஓர் ஊசி, பிடுங்குவதற்கு முள்வாங்கி, காது குடைய ஒரு குட்டிக் கரண்டி. கிணற்றில் நீர் இறைக்கிற உடைந்துபோன கமலைச் சாலின் இரும்பில் ஆலங்குடிக் கொல்லர் அடித்துக் கொடுத்தது. மூன்றையும் சேர்த்து முள்வாங்கி என்றே சொல்வோம்.

யாருக்கு முள் ஏறினாலும் ஐயாவைத் தேடித்தான் வருவார்கள். அவர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, வந்தவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொள்வார். யார் கால் என்று பார்க்கமாட்டார். பண்ணையார் காலும் மடியில்தான், அவருடைய மாட்டை மேய்க்கிறவர் காலும் மடியில்தான். அதற்காக ஊர்ப் பெரியவர்கள் இரண்டு முறை கூப்பிட்டுக் கண்டித்திருக்கிறார்கள். "காலைத் தொடாம முள்ளு எடுக்கிற வித்தை தெரிஞ்சா சொல்லுங்க, கத்துக்கிறேன்" என்றாராம். அப்புறம் அந்தப் பெரியவர்களுக்கும் முள் ஏறியது, அவர்களும் வந்தார்கள்.

முள்ளை எடுத்து முடிக்கும்வரை வைது தீர்ப்பார். "கண்ணு எங்கிட்டு இருந்துச்சு? வானத்துல சோறு போடுறாங்கன்னு பார்த்துக்கிட்டு வந்தியா?" முள் வந்ததும் குழியில் எருக்கம்பாலை ஒரு சொட்டு விட்டு, "ஓடு" என்பார். இவ்வளவுதான் வைத்தியம்.

3

நான் கப்பலேறுவதில் ஐயாவுக்குத் துளியும் சம்மதம் இல்லை. இரண்டு வருஷம் தொடர்ந்து மழை பொய்த்திருந்தது. எனக்குப் பத்தொன்பது வயது, எட்டாவது வரை படித்த திமிர் வேறு. பினாங்கு என்று யாராவது சொன்னால் எனக்குக் காது விடைக்கும். ஐயா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. புறப்படுகிற அன்றைக்கு மட்டும் இரண்டு மைலும் கூடவே நடந்து, பஸ் நிற்கிற இடத்துக்கு வந்தார். விபூதி பூசவில்லை, புத்திமதி சொல்லவில்லை. பஸ் தூரத்தில் தெரிந்ததும் அரைஞாணிலிருந்து அந்த வளையத்தை அவிழ்த்தார்.

"இந்தா. இதை வச்சுக்க."

உலகத்தில் அவருக்கென்று இருந்த ஒரே சாமான் அதுதான். "எனக்கா ஐயா?" என்றேன்.

"ஒனக்கு எதுக்குடா? இரவல்தான் தாரேன். போன காரியம் முடிஞ்சதும் கொண்டாந்து குடுத்திரு."

நீட்டிய கை பாதியில் நின்றது. கடல் தாண்டிப் போகிற பேரனுக்கு ஒரு முள்வாங்கியைத் தானமாகக் கொடுக்க மனசு வராத கஞ்சன் என்று நினைத்துக்கொண்டேன். நாகப்பட்டினம் போகும்வரை அந்த எரிச்சல் ஆறவில்லை.

பினாங்கில் இறங்கியதும் மூட்டையைப் பிரித்துப் பார்த்த உத்தியோகஸ்தர் வளையத்தைத் தூக்கிப் பிடித்து ஆட்டினார். இது ஆயுதமா, வைத்தியக் கருவியா என்று கேட்டார். இரவல் சாமான் என்றேன். அப்படி ஒரு கட்டம் அவர் காகிதத்தில் இல்லை. அடுத்தது தேசம். புதுக்கோட்டை சமஸ்தானம் என்றேன். அது எந்த நாட்டில் இருக்கிறது என்று பக்கத்து மேஜைக்காரரைக் கேட்டார். அவர் பக்கத்து அறைக்குப் போய்க் கேட்டார். எங்கள் மகாராஜாவுக்கு இப்படி ஒரு சோதனை வந்திருக்கக்கூடாது. கடைசியில் இரண்டையும் எழுதாமலேயே முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள்.

4

தைப்பிங்கில் ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை கிடைத்தது. இந்த ஊரில் மழை பெய்யாத நாளை விரல் விட்டு எண்ணலாம். மழைக்காக ஊரை விட்டு வந்தவனுக்கு இப்படி ஒரு தண்டனை. ஆபீசில் பூட்ஸ் போட வேண்டும். பூட்ஸ் போட்ட காலில் முள் எங்கே ஏறும்? முள்வாங்கி சுவரில் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டு கிடந்தது.

ஐயாவுக்கு எழுதத் தெரியாது. ஆலங்குடிப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரிடம் சொல்லி எழுதச் சொல்வார். வாத்தியார் தமிழ் கம்பீரமாக இருக்கும். "இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடம் உன் க்ஷேமத்துக்கு எழுதவேண்டியது" என்று தொடங்கிக் கடலை விளைச்சல், சித்தப்பாவின் மாடு, யார் வீட்டுக் கல்யாணம் என்று வரிசையாக வரும். கடைசி வரி மட்டும் ஐயாவுடையது. ஒவ்வொரு கார்டிலும் அதே வரிதான்: "முள்வாங்கி எப்போது வருகிறது?"

நான் எப்போது வருகிறேன் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

கல்யாணம் ஆயிற்று. ராசம்மாள் இங்கேயே பிறந்து வளர்ந்த பெண், அவளுடைய தாத்தா காலத்தில் பட்டுக்கோட்டைப் பக்கமிருந்து வந்த குடும்பம். ஐயாவுக்கு எழுதிச் சம்மதம் கேட்டேன். "நல்ல பெண்ணாக இருந்தால் சரி. முள்வாங்கியை அவள் தொலைத்துவிடாமல் பார்த்துக்கொள்" என்று பதில் வந்தது. மகள் பவளம் பிறந்தாள். "குழந்தை கையில் முள்வாங்கியைக் கொடுக்காதே" என்று வந்தது.

ஒரு சமயம் எனக்குப் பொறுக்கவில்லை. இங்கே ஒரு கடையில் வெள்ளி மாதிரி மின்னுகிற சீமை முள்வாங்கி ஒன்று வாங்கிப் பார்சலில் அனுப்பினேன். பழையதற்குப் பதில் புதியது, கதை முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு மாதம் கழித்துக் கார்டு வந்தது. "நீ அனுப்பியது கிடைத்தது. கோழி உரித்தபின் சிறு இறகு பிடுங்க உதவுகிறது. முள்வாங்கி எப்போது வருகிறது?"

5

ஜப்பான்காரன் வந்தான். மூன்றரை வருஷம் கார்டும் இல்லை, கப்பலும் இல்லை. அந்தக் கதையை எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் எழுதினால் அழவேண்டியிருக்கும். ஒன்று மட்டும் சொல்கிறேன். பூட்ஸ் கிழிந்தது, வேறு கிடைக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் காட்டைத் திருத்தி மரவள்ளிக்கிழங்கு போட்டோம். வெறுங்காலோடு வேலை. இந்தக் காட்டு முள்ளுக்கு எங்கள் ஊர் முள் தேவலை. சுவரில் தொங்கிய இரும்பு கீழே இறங்கி வேலைக்கு வந்தது. ராசம்மாள் காலையும் பவளத்தின் காலையும் மடியில் வைத்துக்கொண்டு தினமும் முள் எடுத்தேன். என் வாயிலிருந்து தானாகவே வசவு வந்தது. ஐயா ஏன் வைதார் என்று அப்போதுதான் புரிந்தது. மடியில் கிடக்கிற கால் வலியில் நடுங்கும்போது, வைதால்தான் நம் கை நடுங்காமல் இருக்கிறது.

சண்டை முடிந்து முதல் கார்டு வந்த அன்றைக்கு நான் ஆபீசிலேயே அழுதுவிட்டேன். ஐயா இருக்கிறார். கண் மங்கிவிட்டதாம், நடமாட்டத்துக்குக் குறைவில்லையாம். கடைசி வரி மாறவில்லை.

இப்போது ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். அந்தக் கார்டைப் படித்தபோதே நான் போகப்போவதில்லை என்று உள்ளுக்குள் முடிவு செய்துவிட்டேன். கப்பலில் இடம் இல்லை, ஆறு மாதம் ஒரு வருஷம் என்று காத்திருக்கிறார்கள். ஆபீசில் அப்போதுதான் வேலையைத் திரும்பக் கொடுத்து, குடியிருக்க வீடும் கொடுத்திருந்தார்கள். பவளத்தை இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்திருந்தோம். அவளுக்குத் தமிழ் வீட்டுக்குள், மலாய் தெருவில், இங்கிலீஷ் வகுப்பில். எண்ணுவது மட்டும் ஜப்பான் பாஷையில், ஏனென்றால் எண் கற்றுக்கொள்ளும் வயதில் அவளுக்கு அதுதான் கிடைத்தது. இந்தப் பெண்ணைக் கொண்டுபோய் வரகுக் கொல்லையில் நிறுத்தி என்ன செய்வது? இப்படி எனக்கு நானே நூறு காரணம் சொல்லிக்கொண்டேன். எல்லாம் சரியான காரணங்கள்தான்.

அந்தச் சமயத்தில் எங்கள் ரயில்ரோட்டில் வேலை பார்த்த சவரிமுத்து அண்ணன் ஒரேயடியாக ஊருக்குக் கிளம்பினார். ஆலங்குடிக்காரர். அவருக்கு எப்படியோ கப்பலில் இடம் கிடைத்துவிட்டது. நான் வளையத்தைத் துணியில் சுற்றி, ஐயாவிடம் கொடுத்துவிடும்படி அவர் கையில் கொடுத்தேன். கடிதம் எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

ராசம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். "வாங்கினது நீங்க. குடுக்கிறது அவரா?" என்றாள்.

"சாமான் போய்ச் சேர்ந்தா சரிதானே?" என்றேன். பார்சல் ஆபீஸ் புத்தி.

6

நாலு மாதம் கழித்துச் சவரிமுத்து அண்ணனிடமிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. அவர் சொல்லச் சொல்ல அவருடைய மகள் ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதியிருந்தாள். படிக்கும்போது அண்ணன் எதிரில் நின்று கத்துவது போலவே இருந்தது.

"தம்பி, நல்ல வேலை குடுத்தே எனக்கு. ஊர் வந்து மறுநாளே ஒங்க வீட்டுக்குப் போனேன். துணியைப் பிரிச்சேனோ இல்லையோ, ஒங்க சித்தி அந்த வளையத்தைப் பார்த்துட்டு 'ஐயோ, எம் மகனே'ன்னு மாரடிச்சு விழுந்துட்டாங்க. மூணரை வருசம் தகவல் இல்லாம கெடந்த வீடு. அக்கரையில செத்தவங்க சாமான் இப்படித்தானே அடுத்தவங்க கையில வருது? அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க எல்லாம் கூடிட்டாங்க. நான் 'உசிரோட இருக்கான், நல்லா இருக்கான்'னு கத்துறேன், யாரு காதுலயும் விழல. போன மாசம்தான் ஒன் கார்டு வந்துச்சாம், அதையும் மறந்துட்டு அழுவுறாங்க.

"ஒங்க ஐயா மட்டும் அழல. கையைத் தூக்கி எல்லாரையும் அமட்டுனாரு. 'ஏய், சும்மா இருங்க. அவன் சாகல. செத்தவன் இரவலைத் திருப்பிக் குடுக்க மாட்டான். இனிமே வர வேண்டாம்னு முடிவு பண்ணினவன்தான் குடுத்தனுப்புவான்'னாரு. தம்பி, நான் எத்தனையோ எளவு பார்த்திருக்கேன். அந்த மாதிரி ஒரு மொகத்தைப் பார்த்ததில்ல.

"நான் வளையத்தை நீட்டுறேன், அவரு கையை நீட்டல. 'ஒங்கள்ட்ட நான் குடுக்கலையே. குடுத்தவன் கையிலேருந்துதான் வாங்குவேன். எடுத்துக்கிட்டுப் போங்க'ங்கிறாரு. இப்ப அது எங்க வீட்டுல தொங்குது. அது வேற தலைவலி. நீ போன நாள்லேருந்து அவரு வேற முள்வாங்கி செய்யவே இல்லையாம்ல? முள்ளோட வாரவங்ககிட்டயெல்லாம் 'எம் பேரன் வச்சிருக்கான், அவன் வரட்டும்'னு சொல்லி அனுப்பியிருக்காரு. சாமான் இங்க இருக்குன்னு தெரிஞ்சு இப்ப தெனம் ரெண்டு பேரு நொண்டிக்கிட்டு எங்க வாசலுக்கு வாராங்க. நான் ரயில்ரோடு போட்டவன்டா, எனக்கு இது தேவையா? மரியாதையா வந்து எடுத்துக்கிட்டுப் போயி ஒப்படை."

கடிதத்தை ராசம்மாளிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு எழுந்து போனாள். பரண்மேல் கிடந்த தகரப் பெட்டியை இறக்கித் தூசி தட்ட ஆரம்பித்தாள்.

கொல்லர் பட்டறை மூன்று மைலில் இருக்கிறது. அரை நாளில் புதிதாக ஒன்று அடித்துத் தந்திருப்பார். அதைச் செய்துகொள்ளாமல் பதின்மூன்று வருஷம் அந்த மனுஷன் வெறும் அரைஞாணோடு இருந்திருக்கிறார். இரும்பை நான் கொடுத்தனுப்பியதை அவர் ஒரு நொடியில் படித்துவிட்டார். அவர் கார்டுகளை நான் பதின்மூன்று வருஷமாகப் படித்தும் படிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

7

லீவு விண்ணப்பத்தில் காரணம் எழுதவேண்டும். "இரவல் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்க" என்று உள்ளதை எழுதினேன். எங்கள் துரை அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். என்ன பொருள், வீடா, நிலமா என்று கேட்டார். இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டி விளக்கினேன். அதை இங்கிருந்து கொண்டுபோகிறாயா என்றார். இல்லை, அது அங்கேதான் இருக்கிறது, நான்தான் இங்கே இருக்கிறேன் என்றேன். பிறகு இரண்டு மாதம் லீவு என்று எழுதினார். எனக்கு ஓய்வு தேவை என்று நினைத்திருப்பார்.

கப்பல் இடத்துக்கு ஏழு மாதம் காத்திருந்தோம். அம்மை குத்திய சர்டிபிகேட், திரும்பி வர அனுமதி, போட்டோ, போட்டோவுக்குப் பின்னால் கையெழுத்து என்று ஒன்று முடிந்தால் இன்னொன்று. ஒவ்வொரு வரிசையில் நிற்கும்போதும் எனக்கு ஒரே பயம்தான். ஐயாவுக்கு எண்பதுக்கு மேல் ஆகிவிட்டது. நான் போவதற்குள் அவர் போய்விட்டால், அந்த வளையத்தை எந்தக் கையில் வைப்பேன்?

ஆலங்குடியில் சவரிமுத்து அண்ணனிடம் முள்வாங்கியை வாங்கிக்கொண்டு, கரியில் ஓடுகிற பஸ்ஸில் ஏறி, வழியில் இறங்கி உள்ளே நடந்தோம். பவளம் கான்வாஸ் ஷூவில் வந்தாள். எதிரே வந்த ஒருவர் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீதானே முள்வாங்கியைத் தூக்கிட்டுப் போனவன்? ஒன்னால ஊரே நொண்டுச்சுடா" என்றார். இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். ஒருவர்கூட மலாயா எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

ஐயா கடலைக்கொல்லையில் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார். இளைத்துப் பாதியாகியிருந்தார். நான் முன்னால் போய் நின்றேன். நிழல் விழுந்ததும் தலை நிமிர்ந்தார்.

"ஐயா, நான்தான்."

"தெரியுது. சாமான் எங்கே?"

வளையத்தை அவர் கையில் வைத்தேன். முள்வாங்கியின் இரண்டு நுனியையும் நகத்தில் வைத்து அழுத்திப் பார்த்தார். காதுக் கரண்டியைத் தடவினார். ஊசியைத் தடவினார்.

"துரு ஏறியிருக்கு."

"எண்ணெய் போட்டுத்தான் வச்சிருந்தேன், ஐயா."

"போட்ட லட்சணம் தெரியுது" என்றவர், வளையத்தை அரைஞாணில் கட்டப் போனார். முடிச்சு விழவில்லை. மூன்றாவது தடவை நான் குனிந்து கட்டிவிட்டேன். கட்டி முடிக்கும்வரை என் தலையில் கையை வைத்துக்கொண்டே இருந்தார். எடுக்கவில்லை.

8

அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டு வாசலில் கூட்டம்தான். முள் ஏறியவர்கள் வந்தார்கள். பழைய முள் உள்ளேயே தங்கிக் கால் ஆணியாகிப் போனவர்கள் வந்தார்கள். முள்ளே இல்லாதவர்களும் வந்து காலை நீட்டிவிட்டு, நாலு வசவு வாங்கிக்கொண்டு திருப்தியாகப் போனார்கள். ஐயாவுக்குக் கண் தெரியவில்லை. விரல் நுனியால் பாதத்தைத் தடவிக்கொண்டே போவார், முள் இருக்கும் இடத்தில் விரல் நிற்கும்.

பவளம் மூன்றாம் நாளே ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டாள், நாலாம் நாள் கருவேலமுள் ஏறியது. ஐயா அவள் காலை மடியில் வைத்துக்கொண்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு "இச்சி, நீ, சான், சி" என்று எண்ண ஆரம்பித்தாள்.

"இது என்னடா மந்திரம்?" என்றார் ஐயா என் பக்கம் திரும்பி.

"ஜப்பான் பாஷையில ஒண்ணு ரெண்டு மூணு எண்ணுறா, ஐயா."

"அவங்க முள்ளுக்கு நல்லாத்தான் எண்ணியிருக்காங்க. ஏழு வரல, முள்ளு வந்துருச்சே." அப்புறம் வந்தவர்களுக்கெல்லாம் அவரே "இச்சி, நீ, சான்" என்று சொல்லித்தான் ஊசியை வைத்தார். இவள் தமிழை மறந்துவிடுவாளோ என்று நான் தைப்பிங்கில் தூக்கம் கெட்டுக் கிடந்தேன். அவள் ஒரு ஊருக்கே ஜப்பான் கற்றுக் கொடுத்துவிட்டாள்.

புறப்படுகிற நாள் வந்தது. நாங்கள் வேண்டாமென்று சொல்லியும் ஐயா கேட்காமல் கம்பை ஊன்றிக்கொண்டு ரோடு வரை வந்தார். வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனைதான். மறுபடியும் இரவல் கேட்கவேண்டும். கேட்டால் கொடுப்பார், கொடுத்தால் நான் வரத்தான் வேண்டும். இந்தத் தடவை மூன்று வருஷத்துக்குள் வந்துவிடுவது என்று தேதிகூடக் குறித்துக்கொண்டேன்.

நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. பஸ் சத்தம் கேட்டதும் அவரே வளையத்தை அவிழ்த்து நீட்டினார்.

"இந்தா. ஒனக்குத்தான். வச்சுக்க."

"இரவல்தானே, ஐயா?"

"இல்லடா. இனிமே ஒன்னுதுதான். திருப்பிக் கொண்டார வேண்டாம்."

பத்தொன்பது வயதில் இந்த வார்த்தையைக் கேட்கத்தான் ஏங்கினேன். இப்போது அது எனக்கு வேண்டியிருக்கவில்லை. "வேண்டாம், ஐயா. இரவல்னே சொல்லுங்க. கொண்டாந்து குடுத்துர்றேன்" என்றேன். குழந்தை மாதிரி அவர் கையை மடக்கி வளையத்தை உள்ளேயே தள்ளினேன்.

அவர் சிரித்தார். "இரவல்னா திருப்பி வாங்கிக்கிறதுக்கு ஆளு இருக்கணும்ல? பொய் சொல்லித் தரச் சொல்றியா?"

பஸ்காரர் ஹாரனை அடித்தார். ராசம்மாள் மகளோடு ஏறிவிட்டாள். ஐயா என் வேட்டி மடிப்பில் வளையத்தைச் செருகி, முதுகில் ஒரு தட்டு தட்டி, என்னைப் பஸ் பக்கமாகத் திருப்பிவிட்டார்.

9

ஒரு வருஷம் ஆகிவிட்டது. ஆ ஹெங் கொண்டுவந்த வாழைப்பழத்தை இன்று காலையில் சாப்பிட்டு முடித்தோம். நல்ல பழம். அவர்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. இரவல் கொடுக்கவும் திருப்பிக் கேட்கவும் ஒரு சாமான் இருக்கிறவரை ஐயாவும் நானும் பேசிக்கொள்ள ஒரு சாக்கு இருந்தது. அவர் அதை எனக்கே கொடுத்ததும் சாக்கு போய்விட்டது. போன வாரம் வந்த கார்டில் வாத்தியார் மட்டும்தான் எழுதியிருக்கிறார், ஐயாவின் கடைசி வரி இல்லை.

இன்று ஆபீசில் மறுபடியும் லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். போன வருஷம்தானே போனாய், இப்போது கிடைக்காது என்றார்கள். சம்பளம் வேண்டாம், லீவு மட்டும் கொடுங்கள் என்றேன். இந்தத் தடவை காரணத்தைக் காலியாக விட்டுவிட்டேன். கப்பலில் இடம் கிடைத்தால் தை மாதம் ஊரில் இருப்பேன். ஐயா இருக்கும்போதே, கையில் ஒன்றுமில்லாமல் அந்தக் கொல்லையில் போய் நிற்கவேண்டும். "இப்ப எதுக்குடா வந்தே?" என்று கட்டாயம் கேட்பார். "சும்மாதான், ஐயா. ஒங்களைப் பார்க்க" என்று சொல்லவேண்டும். இத்தனை வருஷத்தில் இந்த ஒரு வார்த்தையை அவரும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை.